வேலூர் அகழியில் பத்தாயிரம் முதலைகள்: ஒரு குமாஸ்தாவின் கணக்கு

வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்த்தவர்கள் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் அகழியில் பத்தாயிரம் முதலைகளை விட்டு வளர்த்தார்களாம். எதிரி தண்ணீரில் காலை வைத்தால் எலும்புகூட மிஞ்சாதாம். கூட வருகிறவர் கையை நீட்டிக் காட்டிச் சொல்வார், நாமும் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்வோம்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் இருப்புப் பதிவேடு எழுதியவன் நான். யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. வேலூர்க் கோட்டையின் பரப்பு 133 ஏக்கர். அதை ஒரு சதுரம் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வரும். 3,000 மீட்டரில் 10,000 முதலைகள் வரிசையாக நின்றால் ஒன்றுக்கு ஒரு அடி இடம். வளர்ந்த முதலை ஒவ்வொன்றும் பத்தடி நீளம். சரி, அகழிக்கு அகலமும் இருக்கிறதே, நெருக்கி அடுக்கிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். சாப்பாடு? முதலைக்கு வாரம் இரண்டு கிலோ இறைச்சி போதும் என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் வாரத்துக்கு 20 டன் ஆகிறது. எந்த ராஜாவின் கஜானாவும் அந்த பில்லில் கையெழுத்துப் போடாது.

அகழியில் முதலை இருந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. கோட்டை அகழியில் முதலை விடுவது நம் நாட்டுப் பழைய வழக்கம்தான். எண்ணிக்கைதான் கணக்கில் நிற்கவில்லை.

பயமுறுத்தும் பிராணிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். என் பேரன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுகிறான். அதில் மலைக்கு ஒரு டிராகன், குகைக்கு ஒரு டிராகன், நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கிறது. 'இத்தனைக்கும் தீனி யாருடா போடுகிறார்கள்? அந்த ஊரில் ஆடு மாடு எத்தனை இருக்கிறது?' என்று கேட்டேன். 'அதெல்லாம் கிடையாது தாத்தா' என்றான். விளையாட்டில் கிடையாதுதான். உண்மையான டிராகன்களுக்கு அந்தக் கணக்கு உண்டு. நம் தமிழ்நாட்டு டிராகன் முதலைதான். அதன் கணக்கைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

தாரஸ்க்கும் மகரமும்

பள்ளியில் நான் படித்தது பிரெஞ்சில். செலியமேட்டிலிருந்து புதுச்சேரிக்குப் போய்ப் படித்த பையன்களுக்குத் தென்பெண்ணை எங்கே பிறக்கிறது என்பதற்கு முன்னாலேயே ரோன் நதி எங்கே பிறக்கிறது என்று தெரியும். அந்த ரோன் நதிக்கரையில் தாரஸ்கோன் என்று ஒரு ஊர். அங்கே தாரஸ்க் என்னும் ஒரு பூதமான பிராணி ஆற்றில் கிடந்து மனிதர்களை விழுங்கியதாகவும், புனித மார்த்தா வந்து அதை அடக்கியதாகவும் கதை. அதன் உருவத்தைச் செய்து இன்றைக்கும் தெருவில் ஊர்வலம் விடுகிறார்கள், நம் ஊரில் பாரிவேட்டைக்கு வாகனம் எடுப்பது போல.

தாரஸ்கோனுக்குக் கொஞ்ச தூரத்தில் நீம் என்னும் நகரம். அந்த நகரத்தின் சின்னமே ஒரு பேரீச்ச மரத்தில் சங்கிலியால் கட்டிய முதலைதான். ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் எகிப்தை ஜெயித்ததற்கு அடையாளமாக அந்தப் படத்தைப் போட்டு நாணயம் அடித்தார்கள், பிற்பாடு அதுவே நகரத்துக்குச் சின்னமாகிவிட்டது. முதலையே இல்லாத தேசத்தில் முதலைக்கு இவ்வளவு மரியாதை. ஐரோப்பாவில் சில பழைய மாதா கோயில்களில் பஞ்சடைத்த முதலையைத் தொங்கவிட்டு, இதுதான் டிராகன் என்று காட்டி வந்ததும் உண்டு. நம் பக்கத்துப் பழைய தமிழ் வேதாகமத்தில் டிராகனுக்கு 'வலுசர்ப்பம்' என்று பெயர். பார்க்காத மிருகத்துக்குப் பெயர் வைப்பதில் எல்லா நாட்டாரும் ஒன்றுதான்.

நமக்கோ அது பார்த்த மிருகம். கோயிலில் சுவாமிக்குப் பின்னால் மகர தோரணம் இருக்கிறதே, அந்த மகரம் யானைத் துதிக்கையும் மீன் வாலும் சேர்ந்த ஒரு கற்பனைப் பிராணி. ஆனால் வடக்கே முதலைக்கு இன்றைக்கும் 'மகர்' என்றுதான் பெயர். அந்தச் சொல்லை இங்கிலீஷ்காரன் வாயில் போட்டு 'மக்கர்' என்று ஆக்கினான். நம் ஏரி, ஆறு, மடுக்களில் இருக்கும் முதலைக்கு உலகம் முழுக்க வழங்கும் இங்கிலீஷ் பெயர் இதுதான்.

அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பது புதுச்சேரிக்காரர்கள் பலருக்குத் தெரியாது. கடற்படை மருத்துவராக இருந்த ரெனே லெசோன், இந்தியாவிலிருந்து பிரான்சுக்குக் கொண்டுபோன ஒரு சேகரிப்பைப் பட்டியல் போட்டபோது, 1831இல் இதற்கு 'பலுஸ்திரிஸ்' என்று பெயர் கொடுத்தார். லத்தீனில் சதுப்பு நிலத்தது என்று பொருள். பிரெஞ்சு படித்தவர்களுக்கு 'பலுதிஸ்ம்' என்றால் மலேரியா என்று ஞாபகம் வரும். சதுப்பு நிலக் காய்ச்சல். இரண்டும் ஒரே வேர்ச் சொல்.

லெசோனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னாலேயே நம் ஆட்கள் முதலையை வகை பிரித்து வைத்திருந்தார்கள். குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. எது எந்த இனம் என்று பண்டிதர்கள் வாதாடட்டும். பார்த்துப் பழகாமல் ஒரு பிராணிக்கு மூன்று பெயர் வராது. அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொன்ன கதை. கஜேந்திர மோட்சத் தலமான கபிஸ்தலம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாமக்கல் பக்கம் முதலைப்பட்டி என்றே ஊர் உண்டு. என் பாட்டி கூட, பெண்ணையாற்று மடுவில் குளிக்கப் போகிற பிள்ளைகளை 'முதலை இழுத்துக்கொண்டு போயிடும்' என்றுதான் மிரட்டுவாள்.

வரவுப் பக்கம்

இப்போது பதிவேட்டைத் திறப்போம். ஒரு பெண் முதலை மாசி, பங்குனி வாக்கில் கரையில் குழி தோண்டி 25, 30 முட்டை இடும். இரண்டு மாதத்தில் குஞ்சு வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது. 28லிருந்து 31 டிகிரி வரை இருந்தால் பெண், 32.5 டிகிரி அளவில் ஆண். குழிக்குள் குஞ்சு கத்தினால் தாய் வந்து மண்ணைத் தோண்டி, அந்தப் பெரிய வாயில் குஞ்சுகளைப் பதமாகக் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீரில் விடும். பிடித்ததை விடாது என்று பழமொழிக்குப் போன பிராணிதான் இது.

30 முட்டை என்றதும் நாடே முதலையாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். முட்டையை உடும்பும் கீரியும் பன்றியும் தின்னும். குஞ்சைக் கொக்கும் நாரையும் பெரிய மீனும் தின்னும். பெரிய முதலையே சின்ன முதலையைத் தின்னும். பெரும்பாலானவை முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. தாண்டியதும் முட்டை இடுகிற பருவத்துக்கு வர ஆறு ஏழு வருஷம் பிடிக்கும். ஆக வரவு பக்கத்தில் எழுதுகிற எண் பெரியது, இருப்பில் நிற்கிற எண் சிறியது.

சாப்பாட்டு விஷயத்தில் முதலை சிக்கனக்காரர். நம்மைப் போல உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அதற்குச் சோறு தேவையில்லை, வெயிலில் படுத்தே சூடேற்றிக்கொள்ளும். சின்னதில் பூச்சி, தவளை, நண்டு. பெரிதானால் மீன், பறவை, ஆமை, செத்த மாடு. பல நாள் பட்டினி கிடக்கும். கோடையில் ஏரி வற்றினால் கரையில் வளை தோண்டி உள்ளே போய்ப் படுத்துவிடும், அல்லது இரவோடு இரவாக நடந்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். ஏரியும் வாய்க்காலுமாக இருந்த நம் தேசத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஜந்து கிடையாது.

புத்தியிலும் மட்டமில்லை. கொக்குகள் கூடு கட்டுகிற பருவத்தில் முதலை மூக்கின் மேல் குச்சியை வைத்துக்கொண்டு தண்ணீரில் அசையாமல் கிடக்கும். குச்சி பொறுக்க வருகிற கொக்கு அதற்கு ஆகாரம். மாமல்லபுரம் பக்கத்து முதலைப் பண்ணையில் இதைக் கண்டு, 2013இல் உலகத்துக்கு எழுதினார்கள்.

ஒரு நீர்நிலையில் எத்தனை முதலை இருக்கலாம் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. வற்றாத மடு, போதிய மீன், முட்டையிட மனிதர் மிதிக்காத ஒரு மேட்டுக் கரை. இந்த மூன்றில் ஒன்று போனாலும் இருப்பு சைபர்.

செலவுப் பக்கம்

சென்ற நூற்றாண்டின் நடுவில் செலவுப் பக்கம் மளமளவென்று நிறைந்தது. முதலைத் தோலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. கைப்பை, செருப்பு, இடுப்பு வார். அதைப் பிடிப்பதும் சுலபம். இரவில் டார்ச் அடித்தால் முதலையின் கண் நெருப்புக் கங்கு போல மின்னும், அந்தக் கங்கைப் பார்த்துச் சுட வேண்டியதுதான். டிராகன் நெருப்பைக் கக்கும் என்கிறார்களே, நம் டிராகனுடைய நெருப்பு அதன் கண்ணில் இருந்தது. அதுவே அதற்கு எமனாகவும் முடிந்தது.

கூடவே நைலான் வலை வந்தது. வலையில் சிக்கிய முதலை மூச்சு முட்டிச் சாகும், சாகாவிட்டால் வலை கிழிந்த கோபத்தில் அடித்துக் கொல்வார்கள். ஆற்றுக்கு ஆறு அணை வந்தது. கரையோரத்து முட்டைக் குழிகள் முழுகின. மேட்டுக் கரைகள் வயலாயின, பிறகு மணல் குவாரியாயின. கடல் முகத்துவாரங்களில் இருந்த உப்புநீர் முதலை தென்னிந்தியக் கரையிலிருந்தே போய்விட்டது. இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் ஒடிசாவின் பிதர்கணிகாவுக்கோ சுந்தரவனத்துக்கோ அந்தமானுக்கோ போக வேண்டும்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அரசாங்கம் ஐ.நா. உதவியோடு ஆள் வைத்து முதலைகளைக் கணக்கெடுக்கப் பார்த்தபோது, எண்ணுவதற்கு அதிகம் மிஞ்சவில்லை என்று தெரிந்தது. 1975இல் மத்திய அரசின் முதலைத் திட்டம் ஆரம்பித்தது. முறை ரொம்ப எளிமை. ஆற்றங்கரையில் முட்டையை எடு, பொரிக்க வை, குஞ்சு மற்றப் பிராணிகளுக்கு இரையாகாத அளவுக்கு வளர், பிறகு கொண்டுபோய் ஆற்றில் விடு. இயற்கையில் எங்கே கணக்கு உதைத்ததோ அந்த முதல் வருஷத்தை மட்டும் மனிதன் தாண்டிவிட்டான்.

1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணையை ஏற்படுத்தினார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதி அணையிலும், நம் தென்பெண்ணையின் தலைமாட்டில் சாத்தனூர் அணையிலும் அரசாங்கப் பண்ணைகள் வந்தன. சாத்தனூருக்கு உல்லாசப் பயணம் போன குடும்பங்களுக்கு அந்தத் தொட்டிகள் நினைவிருக்கும். வாயைத் திறந்துகொண்டு கல் போலக் கிடக்கும், உயிரோடு இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்கும்.

மிகை இருப்பு

இனிமேல்தான் விசித்திரம். அலுவலகத்தில் பற்றாக்குறை வந்தால் எப்படி எழுதுவது என்று எல்லோருக்கும் தெரியும். மிகை வந்தால்தான் மேலதிகாரி முதல் கடைநிலை வரை முழிப்பார்கள். முதலைக்கு அதுதான் நடந்தது. பண்ணையில் தீனி தடையில்லாமல் கிடைப்பதால் ஒரே வருஷத்தில் இரண்டு முறை முட்டையிட்டன. சில பத்துகளில் ஆரம்பித்தது ஆயிரங்களில் போய் நின்றது. ஆனால் கொண்டுபோய் விட ஆறு இல்லை. ஆறு இருந்தால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இருந்தால் கரையில் ஊர் இருக்கிறது. 1994இல் மத்திய அரசு, இனி பெருக்குவதும் விடுவதும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. அழிந்துபோகும் என்று பயந்து வளர்த்த பிராணியின் முட்டையை, அதே பண்ணைக்காரர்கள் பொரிக்காமல் எடுத்து அகற்றும்படி ஆயிற்று. 2023இல் வடநெம்மேலியிலிருந்து ஆயிரம் முதலைகளைக் குஜராத்தில் ஜாம்நகருக்கு அனுப்பினார்கள் என்று பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஆறில்லாத ஆற்றுப் பிராணிக்கு அதுவும் ஒரு கதி.

இப்போது வேலூர்க் கதைக்குப் பக்கத்தில் ஒரு எண்ணை வைக்கிறேன். ஈரானிலிருந்து பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், இலங்கை வரை, இயற்கையில் வாழ்கிற இந்த இனத்து வளர்ந்த முதலைகள் மொத்தம் 5,700இலிருந்து 8,700க்குள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மதிப்பிட்டிருக்கிறது. அதாவது நாம் ஒரு கோட்டை அகழியில் இருந்ததாகக் கதை சொல்கிற அளவுகூட இந்த உலகத்தில் மிச்சமில்லை.

நம் ஆறும் அவர்கள் ஆறும்

இதைப் படித்துவிட்டு, ஐயோ பாவம் முதலை என்று சொல்வது செலியமேட்டில் உட்கார்ந்திருக்கிற எனக்குச் சுலபம். கொள்ளிடக்கரையில் இருப்பவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. அணைக்கரையிலிருந்து கீழே சிதம்பரம் வட்டாரம் வரை கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் முதலை இன்றும் இருக்கிறது. குளிக்கப் போனவர், மாடு கழுவப் போனவர், துணி துவைக்கப் போன பெண்கள் கடிபட்டிருக்கிறார்கள், உயிரையும் விட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் வாய்க்கால் வழியாக ஊருக்குள் வந்துவிட்டால் வனத்துறையினர் வந்து கயிறு போட்டுப் பிடித்துச் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வக்காரமாரி ஏரியில் விடுகிறார்கள்.

கடிபடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். வீட்டில் குழாயும் குளியலறையும் உள்ளவர் யாரும் அந்தப் பட்டியலில் வரமாட்டார். ஆற்றை நம்பி வாழ்கிற ஏழைதான் முதலைக்கும் பக்கத்து வீட்டுக்காரர். முதலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால், முதலில் அந்தக் கரையில் கம்பி வேலி போட்ட படித்துறையும், வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாயும் வர வேண்டும். முதலைக்குச் செய்கிற பாதுகாப்பில் பாதி மனிதருக்குச் செய்ய வேண்டிய வசதிதான்.

நம் பக்கத்துக்கும் இந்தப் பேச்சு ஒரு முறை வந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்ததும், டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டதும், பெண்ணை பெருகிப் பாகூர் கொம்யூன் வயல்கள் கடலாக நின்றதும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்: 'சாத்தனூர் முதலையெல்லாம் அடித்துக்கொண்டு வந்துவிட்டதாம்.' ஒருவர் நாலு என்றார், அடுத்தவர் நாற்பது என்றார். பத்தாயிரத்துக்குப் போக இன்னும் இரண்டு டீ போதும் என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளத்தில் முதலை இடம் மாறுவது உண்டு, அதனால் அப்படிப் பேசியவர்களைக் கேலி செய்ய மாட்டேன். எங்கேயாவது பார்த்தால் கல்லெறியாமல், செல்போனில் படம் பிடிக்கக் கிட்டே போகாமல், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அது நம்மைத் தேடி வருவதில்லை, அது தேடுவது ஒரு மடுவை. பெண்ணையின் கீழ்ப்பகுதியில் மணல் போய், மடு போய், வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிற ஆற்றில் அதற்கு இடம் எங்கே? பாட்டி எங்களை மிரட்டிய மடுவே இப்போது இல்லை.

இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் முதலையைத்தான் உதாரணம் காட்டினார். ஆழமான தண்ணீருக்குள் அது எல்லாரையும் ஜெயிக்கும், தண்ணீரை விட்டு வெளியே வந்தால் எல்லாரும் அதை ஜெயிப்பார்கள் என்றார். பலம் பல்லில் இல்லை, இருக்கும் இடத்தில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அவர் காலத்தில் முதலைதான் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. நம் காலத்தில் தண்ணீர் முதலையை விட்டுப் போய்விட்டது. முதலையின் இருப்பு சைபர் ஆன இடத்தில், மீனின் இருப்பையும், கிணற்று நீர்மட்டத்தையும், நம் வயலின் மூன்றாம் போகத்தையும் அதே பதிவேட்டில் அடுத்தடுத்த பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். தலைப்புகள்தான் வேறு, கையிருப்பு ஒன்றுதான்.